வாசல் கான்ஸ்டபிளின் மேசை

உப்புக் கிடங்கில் வேலைக்குச் சேரும் அன்றே, டி.வி.யில் ஓடும் போலீஸ் தொடரில் எந்த ஆளின் குணம் உனக்கென்று வாசலில் வைத்திருக்கும் எந்திரம் சொல்லிவிடும். மத்தியானம் அந்த ஆளின் பேர் போட்ட மேசையில்தான் சாப்பிட வேண்டும். பொருத்தம் பார்த்து உட்கார வைத்தால் சண்டை வராதாம்.

இன்ஸ்பெக்டர் மேசையில் கூரை பிய்ந்துவிடும் அளவுக்குச் சத்தம். ஏட்டையா மேசையில் ஓயாத சிரிப்பு. சுடலைமணிக்கு விழுந்தது வாசல் கான்ஸ்டபிள். தொடரில் அவனுக்கு வசனமே கிடையாது, சல்யூட் மட்டும்தான். அந்த மேசைக்கு வேறு ஆளும் இல்லை. மூட்டை சுமக்கையில் பேச மூச்சிருக்காது. பேச்செல்லாம் சோற்று நேரத்தில்தான். இரண்டு வருஷமாக அவன் சுவரைப் பார்த்தே சாப்பிட்டான்.

நேற்று புது ஆள் பவுல்ராசு தூக்குச்சட்டியோடு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"ஏலே, ரெண்டு கான்ஸ்டபிளு! இனி நம்ம காது கிழிஞ்சிரும்லே!" என்று ஏட்டையா மேசையிலிருந்து காசிராசன் கத்தினான்.

சுடலைமணி கையிலிருந்த சோற்று உருண்டையைத் திரும்பச் சட்டியில் வைத்தான். கேட்க வேண்டியதெல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஊரு..." என்றான். மீதி வரவில்லை.

பவுல்ராசு நிமிர்ந்து பார்த்தான். உதடு அசைந்தது. பிறகு தலையை மட்டும் ஆட்டினான்.

சுடலைமணி சாளைக் கருவாட்டை நகர்த்தி வைத்தான். பவுல்ராசு கொஞ்சம் துவையல் வைத்தான். மணி அடித்ததும் பவுல்ராசு எழுந்து, ஒரு சல்யூட் அடித்துவிட்டு மூட்டைக்குப் போனான்.

சண்டை வரவில்லைதான்.