குண்டான் அடியில் கடுகு

ஈயம் பூசுகிறவர் பூசுவது ஈயம்தான் என்று ஊர் உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. மாபெரும் பிழை. பாத்திரத்தில் ஏறுவது வெள்ளீயம். காரீயத்தைப் பூசியிருந்தால் மொரப்பூரில் பாதிப் பேர் இந்நேரம் இருந்திருக்க மாட்டார்கள்.

எண்பத்து நாலில் இந்த உண்மையை ஊருக்குச் சொல்லும் பொறுப்பை அறிவியல் ஆசிரியர் கிருஷ்ணப்பன் ஏற்றிருந்தார். யாரும் கேட்காமலேயே.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அவர் பித்தளைக் குண்டானும் கையுமாக வீட்டெதிர்ப் புளியமரத்தடிக்கு வந்தார். பின்னாலேயே மனைவி காவேரி. மரத்தடியில் ஈயம் பூசும் கவுஸ் பாஷா துருத்தி ஊதிக்கொண்டிருந்தார். சுற்றிலும் தெருப் பெண்கள், ஆளுக்கொரு பாத்திரத்தோடு.

“என்ன பாய், பூசி ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள பித்தளை பல்ல இளிக்குது! நேத்து வெச்ச புளிக்குழம்ப வாயில வெக்க முடியல. புளியில இருக்கிற அமிலம் பித்தளையில பட்டா என்ன ஆகும், தெரியுமா?”

“பச்சையா பூக்குமுங்க சார்.”

“களிம்பு! விஷம்!”

பாஷா குண்டானைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் வெள்ளை வெள்ளையாய், கடுகளவு மணிகள் ஒட்டியிருந்தன. விரலால் தடவினார். நிமிர்ந்து காவேரியை ஒரு பார்வை பார்த்தார்.

“என் தப்புதானுங்க சார். பூச்சு ஒட்டுறதுக்குப் போடுற நவச்சாரம் சரியாப் போடல போலிருக்கு. காசு வேணாம், மறுபடி பூசித் தரேன்.”

“பாத்தீங்களா, அவரே ஒத்துக்கிட்டாரு!”

“சார் வூட்டுக்கே இந்தக் கதின்னா, நம்ம வூட்டுக்கு?” முனியம்மாள் தன் தவலையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் தூக்கினார்கள்.

கூட்டம் கலைவதற்குள் பாடத்தை முடித்துவிட வேண்டும் என்று கிருஷ்ணப்பனுக்கு அவசரம்.

“வெள்ளீயம் உருக எரநூத்தி முப்பத்திரண்டு டிகிரி சூடு வேணும். தண்ணி நூறுக்கு மேல ஏறாது. ஆக, அடுப்புல வெச்சதால பூச்சு போச்சுன்னு யாரும் சாக்கு சொல்ல முடியாது!”

பாஷா குரலைத் தாழ்த்தினார்.

“தண்ணி இல்லாம வெறும் குண்டான அடுப்புல வெச்சா உருகுமுங்க சார். உருகுனதுதான் அந்தக் கடுகு. அம்மாவ ஒண்ணும் சொல்லிடாதீங்க. மறதி யாருக்கும் வர்றதுதான்.”

காவேரி அதைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“ஞாயித்துக்கெழம நான் தீர்த்தமலைக்குப் போயிட்டேங்க பாய். அன்னிக்கு வெந்நீர் வெச்சது சார்தான். பேப்பர் படிச்சிக்கிட்டே.”

கிருஷ்ணப்பன் விடுவிடுவென்று வீட்டுக்குள் போனார். கைகொள்ளாமல் பாத்திரங்களை அள்ளிவந்து பாஷாவின் முன்னால் வைத்தார்.

“பாய், இது அத்தனைக்கும் நீங்கதான் பூசணும்!” என்றார், தெருக்கோடி வரை கேட்கும்படி.

முனியம்மாள் திரும்பி வந்து தவலையை இறக்கி வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள்.

சார் கொண்டுவந்ததில் மூன்று, பூச்சே வேண்டாத எவர்சில்வர்.