எதிராளிக்கு ஒரு செக்

ஏழு சீட்டிலும் ஹேகன் பெயர்தான் இருந்தது.

டார்லீன் இன்னொரு தடவை பிரித்துப் பார்த்தாள். செப்டிக் டேங்க் ஒப்பந்தக்காரர்கள் சங்கத்தின் தேர்தல் நிதியை எந்த வேட்பாளருக்குக் கொடுப்பது என்று ஓட்டுப் போடும் குழுவில் மொத்தமே ஏழு பேர். அதில் ஒருவர் வெண்டல். அந்த வெண்டல்தான் மாநிலச் சட்டசபைக்கு ஹேகனை எதிர்த்து நிற்கிறவர்.

"நான் வெளியே போயிடறேன், நீங்க போடுங்க" என்றுதான் அவர் எழுந்தார். தலைவர் ரஸ்தான் விடவில்லை. "உக்காருய்யா. உனக்கு ஒரு ஓட்டாவது விழட்டும்!"

அந்த ஒன்றும் விழவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் இப்படியொரு வேட்பாளரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

யாருக்கு எத்தனை ஓட்டு என்று சொல்லும் வழக்கம் சங்கத்தில் கிடையாது. அலுவலகச் செயலாளர் எண்ணிவிட்டு, ஜெயித்த பெயரை மட்டும் படிக்க வேண்டும். டார்லீன் படித்தாள்.

ரஸ் தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காதே வெண்டல். நீ நம்ம ஆளு. ஆனா ஜெயிக்கிறவன் பக்கம் இருந்தாத்தானே சங்கத்துக்கு நல்லது?"

"அதுக்கென்ன ரஸ்."

"இன்னொரு சங்கடம்யா. செக்கை அந்தத் தொகுதியில இருக்கற நம்ம சங்கத்து ஆள்தான் நேர்ல கொண்டுபோய்க் கொடுக்கணும். உங்க தொகுதியில..."

"நான் ஒருத்தன்தான் இருக்கேன். கொடு."

மற்றவர்கள் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

சங்கப் பத்திரிகைக்குப் படம் எடுக்க டார்லீனும் கூடப் போக வேண்டியிருந்தது. வண்டி கிளம்பியதும் வெண்டலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹேகன் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தான்?"

"என்னம்மா இது?"

"நடிக்காதீங்க. சீட்டை எண்ணினது நான். ஏழும் ஹேகன். விலை போயிட்டீங்க, அதானே? ரஸ்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா, உங்களைச் சங்கத்தை விட்டே தூக்கிடுவாங்க. சொல்லத்தான் போறேன்."

வெண்டல் சோளக்காட்டைப் பார்த்தபடி ஓட்டினார். டார்லீனுக்கு அதுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஹேகன் தன் அலுவலகக் கதவு வரைக்கும் வந்து வரவேற்றார். "பாருங்கய்யா! என்னைத் தோற்கடிக்கப் போறவனே எனக்குச் செக் கொண்டு வந்திருக்கான்!"

"பயப்படாதே, பேங்க்ல போட்டா திரும்பி வராது" என்றார் வெண்டல்.

இருவரும் கைகுலுக்கினார்கள். டார்லீன் படம் எடுத்தாள். ஹேகனுக்கு ஃபோன் வந்தது, போய்விட்டார். மொத்தம் நாலு நிமிஷம்.

வண்டியில் ஏறியதும் வெண்டல் தானாகவே பேசினார்.

"அந்த நிதி நம்ம ஆளுங்க சொந்தக் காசும்மா. ஏழை வீடுகள்ல உடைஞ்ச டேங்கை மாத்த அரசாங்கம் பணம் தரணும்னு மசோதா வச்சுக்கிட்டு ரெண்டு வருஷமா மல்லுக்கட்டறது ஹேகன். நான் போனா, சபையில கக்கூஸ் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் ஆகும். எனக்குக் கொடுன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சீட்டுல எழுதறது?"

"அப்ப எதுக்கு நிக்கறீங்க? வாபஸ் வாங்கிட்டுப் பேசாம இருக்கறதுதானே!"

அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"என் வீட்டுக்காரி லொரெய்ன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு, டார்லீன். டேங்க் ரொம்பினா ஊரே என்னைக் கூப்பிடுது. ஆனா முன்வாசல்ல ஏற விடமாட்டாங்க. பின்பக்கம் போன்னு கையைக் காட்டுவாங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல, என் நாத்தம் அப்படி. வேட்பாளர்னா முன்கதவைத் தட்டலாம். திறந்தவங்க ரெண்டு நிமிஷமாவது பேசித்தான் ஆகணும். போன வாரம் ஒரு அம்மா உள்ள உக்கார வச்சு ஆப்பிள் கேக் கொடுத்தாங்க. பேரன் படமெல்லாம் காட்டினாங்க. ஒரு மணி நேரம்!" அந்த ஒரு மணி நேரத்தை நினைத்து இப்போதும் சிரித்தார்.

டார்லீன் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

"ரஸ்கிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள் மெல்ல. "இன்னிக்கு எந்தத் தெருவுக்குப் போறீங்க?"

"இன்னிக்கு ரெண்டாவது சுத்து. முதல் தடவை கதவு திறக்காத வீடுகளுக்கு மறுபடி போகணும். அந்த லிஸ்ட் உன் காலடியில கிடக்குது பாரு, எடு."

எடுத்தாள். இரண்டாவது பக்கத்தில் அவள் தெரு. அவள் வீட்டு எண். பக்கத்தில் அவர் வந்துபோன தேதி, ஆகஸ்ட் மாதத்து ஒரு சனிக்கிழமை.

அன்று கார் வாசலில்தான் நின்றிருந்தது. மணி அடித்ததும் திரையை விலக்கிப் பார்த்தவள், நோட்டீசும் கையுமாக வெண்டல் நிற்பதைக் கண்டு, டிவியை அணைத்துவிட்டு மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் வழியாக அவரும் அவளைப் பார்த்தார். இரண்டு பேர் கண்ணும் ஒரு கணம் நேருக்கு நேர் நின்றன.

அந்த எண்ணுக்கு நேராக வெண்டல் எழுதியிருந்தார்: "வீட்டில் ஆள் இல்லை."