மூன்றாவது ஆலோசகர்

மாமியாரைப் பற்றி மனம்விட்டுப் புலம்ப ஆள் தேடுகிறாள் தையல்காரி. முதல் மனநல ஆலோசகர் கடிகாரத்தையே பார்த்தார். இரண்டாமவர் “பொறுத்துப் போங்கம்மா” என்று பழைய பாட்டையே பாடினார். ஆகவே தெரிந்த முகமே தட்டுப்படாத ஊர்க்கோடியில் மூன்றாமவரைப் பிடித்து, காத்திருப்பு அறையின் மங்கிய வெயிலில் கைப்பை வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம். கதவு திறக்கிறது. கண் சிவந்து வெளியே வருவது, புதன்தோறும் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லும், முப்பத்திரண்டும் முத்தாக இருக்கிற அதே மாமியார். தையல்காரிக்கு எழுந்திருக்கவும் வரவில்லை, வாயை மூடவும் வரவில்லை. மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்து கிசுகிசுக்கிறாள்: “தங்கமான டாக்டரம்மா, குறுக்கே பேசவே மாட்டாங்க. ஆனா நீ வேற ஆளப் பாத்துக்க. ஆறு மாசமா உன்னைப் பத்தித்தான் சொல்லிட்டிருக்கேன். அவங்க இப்போ முழுக்க என் கட்சி.”