கமலம்மா வேண்டாம்

"நாளையிலேர்ந்து கமலம்மா எங்காத்துக்கு வர வேண்டாம். வேற யாரையாவது அனுப்புங்கோ."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சாரங்கபாணி சொல்லிவிட்டார். ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்த சிவசங்கரி சிஸ்டருக்குச் சுருக்கென்றது.

போன வருஷம் இதே திருப்பதி ஆஸ்பத்திரியில் மூன்று தடவை படுத்து எழுந்தவர் அவர். பலவீனமான இதயம். நுரையீரலில் கோத்த நீரை இறக்கி வீட்டுக்கு அனுப்பினால், ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டு, மாத்திரையை மறந்து, ஒரே மாதத்தில் மூச்சு வாங்க வாங்கத் திரும்பி வருவார். கோவில் மடைப்பள்ளியில் முப்பது வருஷம் சமைத்தவர். நாக்கு உப்பை விடவில்லை.

அவரைப் போன்றவர்களுக்காகத்தான் ஆஸ்பத்திரி ஓர் ஏற்பாடு செய்தது. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. சாதாரண ஜனங்கள் பத்துப் பேரை ஒரு மாதம் பழக்கினார்கள். ஆளுக்கு ஐந்து வீடு. காலையில் போய் எடை பார்க்க வேண்டும், மாத்திரை போட்டாச்சா என்று கேட்க வேண்டும். சட்டென்று எடை ஏறினால் உடம்பில் நீர் சேருகிறது என்று அர்த்தம். உடனே சிவசங்கரிக்கு போன் செய்ய வேண்டும்.

கங்காதர நெல்லூரிலிருந்து பிழைக்க வந்து கூலி வேலை செய்த கமலம்மா அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி. அதட்டியும் கெஞ்சியும் சாரங்கபாணியை வழிக்குக் கொண்டுவந்தாள். எட்டு மாதமாக அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுக்கவில்லை.

"அவங்க என்ன தப்பு பண்ணாங்க, சுவாமி?"

"தப்பெல்லாம் இல்லை. வர வேண்டாம், அவ்வளவுதான்."

சிவசங்கரிக்குப் புரிந்துவிட்டது. முதல் வாரம் கமலம்மாவை வாசலிலேயே நிறுத்தி வைத்ததும், பேப்பர் கப்பில் தண்ணீர் கொடுத்ததும் சிவசங்கரி காதுக்கு வந்த விஷயங்கள்தான்.

"உங்களைப் பிழைக்க வச்சதே அவங்கதான். உடம்பு தேறினதும் ஜாதி ஞாபகம் வந்துடுச்சா?"

சாரங்கபாணி தலை குனிந்தார். ஆரம்பத்தில் அப்படி இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். "இது அது இல்லைம்மா" என்றார் மெதுவாக.

அப்புறம்தான் விஷயம் வந்தது. அவர் வீடு இரண்டாவது மாடியில். ஒரே மூச்சில் ஏறி வருகிற கமலம்மா, பத்து நாளாக நடுப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறாளாம். செருப்பு காலில் நுழையவில்லையாம். முந்தாநாள் அவர் வற்புறுத்தி அவளையும் எடை மெஷினில் ஏற்றியிருக்கிறார். இன்று காலையிலும் ஏற்றினார். இரண்டு கிலோ கூடியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போன்னா கேக்க மாட்டேங்கறா. 'வெயில்ல நடந்துக்கினு வரேன் சாமி, அதான். நான் படுத்துக்கினா அஞ்சு வீட்டை யார் பாக்கறது?'ங்கறா. எனக்குத்தான் நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு பொய் சொல்லி ஆட்டோல கூட்டிண்டு வந்தேன். எனக்குத் துணையா வந்திருக்கறதா நினைச்சுண்டு வெளியில உக்காந்திருக்கா. அவ பேருக்கு ஒரு ஓபி சீட்டு போடுங்கோ."

சிவசங்கரி எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் சாய்ந்திருந்த கமலம்மாவின் கால்கள் இரண்டும் உப்பியிருந்தன. போன சனிக்கிழமைகூட எதிரில் உட்கார்ந்து ஐந்து வீட்டு நிலவரமும் சொல்லிவிட்டுப் போனவள்தான். அன்று சிவசங்கரி அவள் நோட்டை மட்டும்தான் பார்த்தாள்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, இவருக்கும் இதயம் பலவீனம்தான், உடம்பில் நீர் சேர்ந்திருக்கிறது, நல்ல சமயத்தில் கொண்டுவந்தீர்கள், நாலு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். கமலம்மாவை வார்டுக்கு அழைத்துப் போனார்கள்.

வீட்டுக்குப் போனபின் அவளைத் தினமும் பார்க்க யாரை அனுப்புவது? சிவசங்கரி பட்டியலைப் புரட்டினாள். எல்லார் பேரிலும் ஐந்து வீடு நிறைந்திருந்தது.

"ஏம்மா தேடறே?" என்றார் சாரங்கபாணி. "கமலம்மா ஆத்துக்கு என் பேரை எழுதிக்கோ. காலம்பற நான் போய்ப் பாத்துட்டு வரேன்."