எட்டு ஹாரன்

"கவலையே படாதீங்க பெரியவரே. எட்டு ஹாரன் ஸ்பீக்கர் கட்டியிருக்கேன். உங்க பையன் எந்த மூலையில நின்னாலும் கேக்கும்" என்றார் மைக்செட்காரர்.

திருவிழாக் கூட்டத்தில் மகனைத் தவறவிட்ட பெரியவர், மடியிலிருந்த பையை அணைத்துக்கொண்டார். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குமா தம்பி?"

"அதையும் தாண்டிக் கேக்கும். பையன் பேரைச் சொல்லுங்க."

பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

மைக்செட்காரர் பாட்டை நிறுத்தி நிறுத்தி அந்தப் பெயரை அலறவிட்டார். "உங்கள் தந்தை மைக்செட் பந்தலில் காத்திருக்கிறார். உடனே வரவும்!" காலையிலிருந்து மூன்று மணி வரை கூப்பிட்டும் யாரும் வரவில்லை.

மைக்செட்காரர் பெரியவர் பக்கம் திரும்பினார். "பெத்த அப்பனைத் தேடாம அப்படி என்ன வேடிக்கை பாக்குறான்? பையில போன் நம்பர் ஏதாவது இருக்கா பாருங்க."

பெரியவர் பையைத் திறந்து காட்டினார். மடித்துவைத்த நாலு சட்டை, ஒரு மாதத்துக்கான மாத்திரை அட்டைகள். நம்பர் எதுவும் இல்லை.

"ஒரு நாள் திருவிழாவுக்கு எதுக்குங்க இவ்வளவு?"

பெரியவர் சட்டைகளைத் திரும்பப் பைக்குள் அடுக்கினார். "எங்க ஊருக்குப் போற மூணு மணி பஸ் கிளம்பியிருக்குமா?"

"இப்பத்தான் போச்சு."

"அப்ப போதும் தம்பி. தொண்டை கட்டிக்கப்போகுது. நீங்க இவ்வளவு நேரம் கூப்பிட்டது என் பையன் பேரே இல்ல."

மைக்செட்காரர் மைக்கை அணைத்தார். "ஏங்க மாத்திச் சொன்னீங்க?"

"அவன் பேர் காதுல விழுந்தா ஓடி வந்துடுவான். அப்புறம் இன்னொரு தடவை என்னை விட்டுட்டுப் போகணுமே, பாவம்."