மாம்பழ ஆவி

பத்து நாள் குழந்தையோடு மருத்துவமனையிலிருந்து வந்த மகிழினியை அவள் வீட்டுக் கதவே உள்ளே விடவில்லை. “காற்றில் இ-சிகரெட் ஆவி இருக்கிறது. கைக்குழந்தை நுழைய இன்னும் மூன்று மணி நேரம் ஆகும்” என்றது, அதில் பதித்திருந்த காற்றுச் சோதனைக் கருவி.

உள்ளே கணவனின் அண்ணன் சிரிப்பது கேட்டது. ஆரத்தி கரைத்து முடிப்பதற்குள் கூடத்தில் உட்கார்ந்து இழுத்துத் தள்ளியவர் அவர்தான். “வெறும் ஆவிம்மா, அதுவும் மாம்பழ வாசனை. உன் கதவு ரொம்பத்தான் பிகு பண்ணுது!”

மூச்சுத்திணறலால் எட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தை அவள் தோளில் முனகியது.

பையோடு பக்கத்தில் நின்ற கணவனிடம், “வீட்டுக்குள்ள வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லுங்கன்னு நேத்தே கெஞ்சினேனே?” என்றாள்.

“மெதுவா பேசு மகி. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது? தப்பா நினைச்சுக்குவார்.”

“உங்களுக்கு வராத வாய் இந்தக் கதவுக்கு வந்திருக்கு.” உள்ளேயும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள். “எங்கம்மா வீட்டுக்குப் போறேன். அவர்கிட்ட சொல்லிட்டு, அப்புறம் வந்து கூப்பிடுங்க.”

லிஃப்டுக்குள் போய் அவளே பொத்தானை அழுத்தினாள்.