ஏழாம் நம்பர் பஸ்

பூட்டிக் கிடந்த ஷெட்டுக்குள் ஹாரன் அலறியது. தணிக்கை அதிகாரியின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"பேட்டரியே இல்லாத வண்டி மேடம். தினமும் நாலரைக்கு இப்படித்தான் கத்தும். நான் அதை வச்சுத்தான் டீ குடிக்கப் போறேன்" என்றபடி மெக்கானிக் பூட்டைத் திறந்தார்.

அரசு மானியத்தில் வாங்கிய ஏழாம் நம்பர் பஸ் அது. வந்த மாதமே யாரோ எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டார்கள். போன வருடம் அவள் நேரில் வந்து பார்க்காமலே, 'கல்லூரித் தடத்தில் தினமும் ஒரு நடை, இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிறது' என்று சான்றளித்திருந்தாள். இப்போது புகார் வந்திருக்கிறது.

"மீட்டரைப் பாருங்க மேடம். நீங்க கையெழுத்துப் போட்ட நாள்லேருந்து தினமும் சரியா இருபத்திரண்டு ஏறுது. சுவத்துல குறிச்சு வச்சிருக்கேன்."

மெக்கானிக் ஷெட்டை மறுபடி பூட்டினார். அவள் வெளியே அவருடைய மேஜையில் உட்கார்ந்து, 'இந்த பஸ் ஒருநாளும் ஓடவில்லை. நான் எழுதியது பொய்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். வேலை போகும். போகட்டும் என்று எழுந்தாள்.

பூட்டு அப்படியே தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஷெட் காலியாக இருந்தது.

அவளுடைய போன் அடித்தது. கல்லூரியில் படிக்கும் மகள்.

"அம்மா, இன்னைக்கு ஏழாம் நம்பர் பஸ் கிடைச்சிடுச்சு, ஏறிட்டேன். கூட்டமே இல்ல... டிரைவர் சீட்டுலகூட யாருமில்லம்மா."